ஈயைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம்

சங்கரன்கோவில்,
20-11-1953

சௌபாக்கியவதி ஞானசௌந்தரி அம்மாள் அவர்களுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து காந்திமதிநாதன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி பிரம்மநாயகியும் சுகம். சென்னையில் நீங்களும் என் மகன் சங்கரராமனும் சுகமாக இருக்கக் கோமதியம்மன் துணை புரிவாளாக.

இந்தக் கையெழுத்தை நீங்கள் ஒரே ஒரு முறை பார்த்திருப்பீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் கல்யாணச் செய்தி வந்தபோது சங்கரராமனுக்கு நான் போட்ட கார்டில். இரண்டே வரி. இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதைப் பற்றி இப்போது என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. இது வேறொரு காரியமாக, உதவி கேட்டு எழுதும் கடிதம். செய்ய மனம் இல்லையென்றால் அதில் நான் குறை காண மாட்டேன்.

இத்துடன் ஒரு தீப்பெட்டி அனுப்பியிருக்கிறேன். பஞ்சுக்குள் நாலு ஈ இருக்கும். அவை எதனால் செத்தன என்று தெரிய வேண்டும்.

ரத வீதி முனையில் முத்துத்தாய் என்ற பெண் மிட்டாய்க்கடை வைத்திருக்கிறாள். புருஷன் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அவள் போடும் கருப்பட்டி மிட்டாய்க்குக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்துகூட ஆள் வரும். அந்தக் கடை இரண்டு வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டக் காரணம் நான்.

இந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மழையோடு ஈயும் வந்தது. பாகு காய்ச்சுகிற கடையில் கேட்கவா வேண்டும்? நீங்கள் நாசரேத்துப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்கள். எங்கள் கோவில் வழக்கம் தெரிந்திருக்குமோ என்னவோ. வீட்டில் பாம்பு, தேள், பூரான் தொல்லை இருந்தால் அந்த உருவம் பதித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவார்கள். கோவில் புற்றுமண்ணைக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்து வீட்டில் தெளிப்பார்கள். முத்துத்தாய் தகடு விற்பவரிடம் போய் ஈ உருவம் கேட்டிருக்கிறாள். “ஈக்கெல்லாம் தகடு அடிச்சா நான் குடும்பம் நடத்துன மாதிரிதான் ஆத்தா. பூரான வாங்கிப் போடு, அம்மன் புரிஞ்சிக்கிடுவா” என்றாராம் அவர். அவளும் பூரானைப் போட்டுவிட்டுப் புற்றுமண்ணைக் கரைத்துக் கடை முழுவதும் தெளித்தாள்.

ஐந்தாறு நாளில் ஈ சாக ஆரம்பித்தது. செத்தவை தரையில் விழவில்லை. சுவரின் மேல்பாகத்திலும் அலமாரிக் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளையாகப் பொடி. முத்துத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. “அம்மன் மண்ணு வேல செய்யுத அழகப் பாருங்க” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள்.

தீபாவளிக்கு மறுநாள் துணிக்கடை மம்மதுவின் ஆறு வயது மகள் அவள் கடை மிட்டாய் தின்றுவிட்டு விடாமல் வாந்தி எடுத்தாள். அப்போதுதான் ஊர் கண்ணுக்கு அந்த வெள்ளைப் பொடி வேறு விதமாகத் தெரிந்தது. முத்துத்தாயின் தம்பி செல்லச்சாமி மலேரியாவுக்கு டி.டி.டி. மருந்து அடிக்கும் கூட்டத்தில் வேலை பார்க்கிறான். அக்காவுக்காகச் சர்க்கார் மருந்தைத் திருடிக் கொடுத்துவிட்டான், அது மிட்டாயில் விழுந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது.

சுகாதார இன்ஸ்பெக்டர் காசிராஜன் அவசரப்படுகிற மனிதர் அல்ல. செத்த ஈ நாலைந்தை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். “சார்வாள், நீங்க முப்பது வருசம் சயன்ஸ் எடுத்தவங்க. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஊர் கேக்கும்” என்றார். பின்னால் நாற்பது பேர் மழையில் நின்றார்கள். என் பூதக்கண்ணாடி உள்ளே பெட்டியில் இருந்தது. அதை எடுக்க நான் போகவில்லை. எடுக்கப் போனால் சார்வாளுக்கே தெரியவில்லை என்று நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். பொடியை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, டி.டி.டி. மாவு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மாதிரி என்றுதானே சொன்னேன் என்று இன்றைக்கு நான் தப்பிக்க முடியாது. அவ்வளவு பேருக்கு முன்னால் அது தீர்ப்பு.

அன்றைக்கே கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். செல்லச்சாமியை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முத்துத்தாய் அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்: “ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா சார்வாள்?”

குழந்தைக்கு இரண்டே நாளில் குணமாகிவிட்டது. தீபாவளியன்று நாலு வீட்டுப் பலகாரம் தின்ற வயிறு என்று மம்மதுவே இப்போது சொல்கிறார். ஆனால் கடை திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் அதே மாதிரி ஒரு ஈயைக் கண்டேன். எங்கள் வீட்டில் யாரும் எந்த மருந்தும் போடவில்லை. இந்த முறை பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஈயின் வாய் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. இறக்கை இரண்டும் பறக்கப் போவது போலத் தூக்கி நின்றன. வயிறு உப்பி, குறுக்கே வெள்ளைப் பட்டை பட்டையாக, விபூதி பூசிய நெற்றி போல இருந்தது. பொடி அந்த ஈயைச் சுற்றி வட்டமாக விழுந்திருந்தது. மேலிருந்து தூவிய மாவு முதுகிலும் இறக்கையிலும்தானே அதிகம் கிடக்க வேண்டும்? இது உள்ளேயிருந்து வெளியே தெறித்தது. கடுகு தாளிக்கும்போது கரண்டியைச் சுற்றித் தெறிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரொட்டியில் பூசணம் பிடிப்பது போல ஈயையும் ஏதோ பூசணம் பிடித்திருக்குமோ என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அடுப்படியிலிருந்து பிரம்மநாயகி, “உங்க மருமக காலேஜ்ல பூசணத்தப் பத்தித்தான ஆராய்ச்சி பண்ணுதா. அவளுக்கு எழுதிக் கேளுங்க” என்றாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வீட்டு நெல்லையம்மாள் பெயருக்குச் சென்னையிலிருந்து மாதம் ஒரு கடிதம் வருவது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும்.

விஷம் இல்லை என்று அறிந்தவர் ஒருவர் எழுதித் தந்தால் கடையைத் திறக்கலாம் என்று காசிராஜன் சொல்கிறார். மார்கழி பிறப்பதற்குள் வராவிட்டால் லைசென்ஸ் போய்விடும். விஷமோ பூசணமோ, எதுவாக இருந்தாலும் சரி, உள்ளதை எழுதினால் போதும். எனக்காக எழுத வேண்டாம். முத்துத்தாய்க்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
காந்திமதிநாதன்


சங்கரன்கோவில்,
3-12-1953

அன்புள்ள ஞானசௌந்தரிக்கு,

ஆசீர்வாதம். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மறு தபாலிலேயே பதில் எழுதியிருக்கிறீர்கள். தீப்பெட்டி தபாலாபீஸ் முத்திரைக்கு அடியில் அகப்பட்டு அப்பளமாகிவிட்டது என்றும், உள்ளே நாலு ஈக்குப் பதில் எட்டு இறக்கையும் கொஞ்சம் தூளும்தான் இருந்தன என்றும் எழுதியிருந்ததைப் படித்துப் பிரம்மநாயகி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். சயன்ஸ் வாத்தியார் பார்சல் கட்டிய லட்சணம்!

பூசணமாக இருக்கலாம், ஆனால் இந்தத் தூளை வைத்து உறுதி சொல்ல முடியாது என்கிறீர்கள். “சரியாகப் பார்க்காமல் பெயர் சொல்வது முறையாகாது, மன்னிக்க வேண்டும்” என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். முப்பத்தொரு வருஷம் நான் கரும்பலகை முன்னால் நின்று சொன்னது அதுதான். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமே இல்லை.

நீங்கள் சொன்ன மூன்று சோதனைகளையும் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதல் சோதனை, சாயங்காலம் செத்து ஒட்டிய ஈயை எடுத்துக் கண்ணாடியின்மேல் வைத்து, ஈரத்துணியோடு டம்ளரால் மூடி, காலையில் பார்ப்பது. கண்ணாடிக்கு எங்கே போவது? பிரம்மநாயகி உள்ளே போய், மூன்று வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்த ஒரு படத்தின் சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். சங்கரராமன் பி.ஏ. பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம். முதல் நாள் வளையம் விழவில்லை. யோசித்துப் பார்த்தால் துணியை நனைத்த நான் அதைப் பிழிந்து பிழிந்து காய்ந்த துணியாக்கி வைத்திருக்கிறேன். மறுநாள் அவளே நனைத்து வைத்தாள். காலையில் டம்ளரைத் தூக்கினால் ஈயைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளை வளையம், மாக்கோலம் போட்டது போல! அங்கே மருந்து தூவ யார் இருந்தார்கள்? டம்ளருக்குள் இருந்தது செத்த ஈ ஒன்றுதான்.

இரண்டாவது, உயிருள்ள ஈக்களை அந்த வளையத்தின்மேல் நடக்க விடுவது. இரண்டு அரிக்கேன் விளக்குச் சிம்னியின் வாயை மெல்லிய துணியால் கட்டினேன். ஒன்றில் வளையம் விழுந்த கண்ணாடித் துண்டோடு ஆறு ஈ. மற்றதில் வெறும் கண்ணாடியோடு ஆறு ஈ. இரண்டுக்கும் ஒரே சீனி, ஒரே தண்ணீர். ஈ பிடிக்கிற வேலை என்னுடையது. அறுபத்திரண்டு வயதில் ஒருவன் துண்டை வீசி ஈ பிடிப்பதைத் தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆறு நாள் ஆகும் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு நாலாவது நாள். எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன. முடிவு தெரிந்த மாதிரிதான் என்று மனம் சொல்கிறது. ஆனாலும் காத்திருக்கிறேன்.

மூன்றாவதைக் காசிராஜன் முன்னாலேயே செய்தேன். அவரே முறையாகக் கேட்டு வாங்கி ஒரு சிட்டிகை டி.டி.டி. கொண்டுவந்தார். செல்லச்சாமியும் வந்திருந்தான். மருந்து பட்ட ஈ கொஞ்ச நேரத்தில் தள்ளாடி, மல்லாந்து விழுந்து, காலை உதறி உதறிச் செத்தது. ஒன்றுகூட மேலே ஏறவில்லை, ஒட்டவில்லை, இறக்கையைத் தூக்கவில்லை. செல்லச்சாமி அதைப் பார்த்துவிட்டு, “இதத்தான சார்வாள் நான் அன்னைக்கே சொன்னேன்? நாங்க மருந்தடிச்ச வீட்ல ஈ மல்லாந்துதான் கெடக்கும்னு? வாத்தியார் சொன்னதுக்கு மேல மருந்தடிக்கவன் பேச்ச யாரு கேக்கா?” என்றான். தினமும் அந்த மருந்தைக் கையில் பிடிக்கிறவன். அன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

காசிராஜன் மனம் மாறியிருக்கிறார். ஆனால் அவருக்கு மேலே காட்டக் கடுதாசி வேண்டும். எனவே இன்று மறுபடி பார்சல். பற்பொடி டப்பாவைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு ஈயையும் அது ஒட்டிய காகிதத்தோடு வெட்டி, அசையாமல் நூலால் கட்டி, நீங்கள் சொன்னபடி ஈரம் இல்லாமல் அனுப்புகிறேன். முத்திரை குத்துகிறவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். “ஈக்கு இம்புட்டு மரியாதையா சார்வாள்?” என்றார்.

கடிதத்தின் கடைசியில் அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மழைக்குக் கொஞ்சம் கூடுதல்தான். நீங்கள் சென்ற மாதம் அனுப்பிய தைலத்தை அவள் எனக்குத் தெரியாமல் தேய்த்துக்கொள்கிறாளாம். வீடு முழுக்க வாசனை. இனிமேல் கடிதத்தையும் தைலத்தையும் எங்கள் கதவு இலக்கத்துக்கே அனுப்பலாம். நெல்லையம்மாள் வீட்டுக்குத் தபால்காரர் வீண் நடை நடக்க வேண்டாம்.

மார்கழிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.

அன்புடன்,
காந்திமதிநாதன்


சங்கரன்கோவில்,
15-12-1953

அன்பு மகள் ஞானசௌந்தரிக்கு,

தீர்க்காயுசோடு இருக்க ஆசீர்வாதம். சங்கரராமனுக்கும் ஆசீர்வாதம். அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடு.

உன் கடிதமும் கல்லூரி முத்திரை வைத்த அறிக்கையும் படமும் ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை காலையில் வந்தன. மைக்ராஸ்கோப்பில் நீ கண்டதை வரைந்திருந்த படத்தை எத்தனை முறை பார்த்தேனோ. அந்தப் பூசணத்தின் ஒவ்வொரு வித்தும் சின்னக் கோவில் மணி போலவே இருக்கிறது, நுனியில் கூர் வைத்த மணி. எண்டமாப்தோரா என்ற அதன் பெயரை நான் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். பிரம்மநாயகிக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது.

என் சிம்னியும் உன்னோடு ஒத்துப்போயிற்று. ஆறாம் நாள் சாயங்காலம் வளையம் வைத்த சிம்னியில் நாலு ஈ ஏறி உச்சியில் வாயை ஒட்டிக்கொண்டு இறக்கையைத் தூக்கின. ஒன்று மறுநாள். ஒன்று தப்பித்தது. வெறும் கண்ணாடி வைத்த சிம்னியில் ஆறும் பிழைத்தன. அவற்றை வெளியே விட்டபோது, “பாடுபட்டுப் பிடிச்சீங்க, இப்ப பத்திரமா வழியனுப்புதீங்களாக்கும்” என்றாள் உன் அத்தை.

உன் அறிக்கை வந்த அன்று மாலையே கடை முன்னால் எல்லோரையும் வரச் சொன்னேன். அன்றைக்கு நின்ற அதே ஆட்கள் வர வேண்டும் என்று மம்மதுவே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். டம்ளர், கண்ணாடி, இரண்டு சிம்னி எல்லாம் ஒரு பெஞ்சில் வைத்தேன். முதலில் என் தவற்றைச் சொன்னேன். பூதக்கண்ணாடி பத்தடி தூரத்தில் இருந்தும் எடுக்காமல் பேசினேன், அதனால் ஒரு பெண்ணின் பிழைப்பும் அவள் தம்பியின் வேலையும் போயின என்று சொன்னேன். பிறகு உன் அறிக்கையைப் படித்தேன். ஈயை மட்டும் பிடிக்கும் பூசணம், மனிதரை ஒன்றும் செய்யாது, மழைக் குளிர்ச்சியில்தான் வரும் என்று நீ எழுதியதை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஈ மொய்த்த பண்டம் எப்படியும் கெடுதல்தான், மிட்டாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைக்க வேண்டும் என்று நீ சேர்த்ததையும் விடாமல் படித்தேன். முத்துத்தாய் அதற்குத் தலையை ஆட்டினாள்.

காசிராஜன் கடுதாசியை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். “யாரு சார்வாள் இது? ஞானசௌந்தரி சங்கரராமன்னு போட்டிருக்கே?” என்றார். பின்னாலிருந்து யாரோ, “சார்வாள் மகன் கட்டுன அந்த வேதக்காரப் புள்ள” என்றது காதில் விழுந்தது.

“என் மருமகள்” என்று சொன்னேன். மூன்று வருஷத்தில் இந்த ஊரில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பெஞ்சில் இருந்த டம்ளரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

காசிராஜன் பூட்டைத் திறந்தார். செல்லச்சாமிக்கு நாளை முதல் வேலை. முத்துத்தாய் என்னிடம் ஒன்றும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தீபாவளிக்குப் பிறகான வியாபாரம் போனது போனதுதான். “உங்க மருமக சொன்னதெல்லாஞ் சரி சார்வாள். அந்தப் பூசணத்த எங் கடைக்கு யாரு அனுப்பி வச்சான்னு அதுல போட்டிருக்கா?” என்று கேட்டாள். போடவில்லை என்றேன். “அப்ப பாதிதான் எழுதியிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். இன்று காலை முதல் ஈடு கருப்பட்டி மிட்டாயை ஓலைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து, “மெட்ராஸ்ல இருக்க நம்ம தாயிக்கு” என்று வைத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

அதைப் பார்சலில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. என் பார்சல் கட்டும் திறமை உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நீ நாசரேத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவாய் என்று உன் அத்தை சொல்கிறாள். விருதுநகரில் வண்டி மாறினால் இங்கே இறங்கலாம். இருவரும் வாருங்கள். மழை நின்றால் ஈ சாவதும் நின்றுவிடும் என்று நீயே எழுதியிருக்கிறாய். வானம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. மேல் ஜன்னலில் இன்றைக்குக்கூட இரண்டு ஒட்டியிருக்கின்றன. அவற்றைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் மழை ஓய்ந்து, பார்க்க ஒரு ஈயும் இல்லாமல் போனாலும் பாதகமில்லை. வாருங்கள்.

படத்தின் கண்ணாடியைக் கழுவிச் சட்டத்தில் திரும்பப் போட்டு, அது முன்னே இருந்த ஆணியிலேயே மாட்டியாயிற்று. ஓரத்தில் வளையத்தின் தடம் கொஞ்சம் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அந்தக் கார்டை நீங்கள் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் வரும்போது கொண்டுவா. அதைத் திருத்தித் தர வேண்டியிருக்கிறது.

உன் வரவை எதிர்பார்க்கும்
மாமா,
காந்திமதிநாதன்